பிரமாணம் என்னுஞ் சொல்

பிரமாணம் என்பது அளத்தற்பொருளுடைய 'மா' என்னும் வடமொழித் தாதுவினின்றும் பிறந்த சொல். தமிழில் இதனை அளவை என்ப. அளத்தற்குக் கருவியாவது என்பதே இதன் முதற்பொருளாயினும், வழக்கிற் பல பொருள்பட்டு நிற்கும். சிற்பியர் திருவுருவத்தின் உயரத்தையும் உறுப்புக்களின் வீதத்தையும் பிரமாணம் என்பர். கல்வெட்டுக்களில் நிலம் விற்ற ஓலை விலைப்பிரமாணம் எனப்படும். சாட்சி கூறுவோன் செய்வது சத்தியப் பிரமாணம். இவற்றுள் எதுவும் மயக்கந் தருவதன்று. மயக்கந் தருவது நூலைப் பிரமாணம் என்னும் வழக்கே.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் பிரமாணம் என்பாருட் சிலர், ஆன்றோர் ஏற்றுக்கொண்ட நூற்றொகை என்னுமளவே அச்சொற்குப் பொருள் கொள்வர். அங்ஙனமாயின் தொகை ஐயுறப்பட்டவழிப் பிரமாணமும் ஐயுறப்படுமன்றோ? அப்பதினான்கனுள் உண்மைநெறி விளக்கத்தை ஒழித்துத் துகளறு போதத்தை எண்ணுவாரும் உளர். இதனாற் சித்தாந்தத்தின் அளவையே தளர்ந்ததெனக் கலங்குதல் வேண்டா.

என்னை? சிவஞான சித்தியார் பிறர் கூறும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். இம்மூன்றுந்தாமும் முதன்மையாற் பிரமாணமாகா. ஐயந் திரிபின்றிப் பொருளை அறியும் ஆன்ம சிற்சத்தியே பிரமாணம் என்பது சித்தாந்தத் துணிபு. ஏனைய அச்சத்தி விளங்குதற்குரிய வாயில்களாதலின் உபசாரத்தாற் பிரமாணம் எனப்பட்டன. முதியோர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுங்கால் 'என் கண் எங்கே?' என்பதும் இத்தகைத்தே. காண்பது கண்ணே, கண்ணாடி துணையாம்.

அற்றேல், சிற்சத்தி உளதாக நூல் எற்றுக்கெனின், அச்சத்தி அநாதியே ஆணவத்தான் மறைக்கப்பட்டது. கலை முதலியவற்றால் ஒருசிறிது விளங்கியவழியும், உலகப் பொருள்களை அறியுமேயன்றி, பொறிக்கும் கருத்திற்கும் அகப்படாத பதியின் இயல்பைத் தானே அறியமாட்டாது. அதுபற்றியே மலமில்லாத முதல்வன் உரையாகிய ஆகமமும், அதன்வழிப்பட்ட சாத்திரங்களும் வேண்டப்பட்டன. கண் மழுங்கினார்க்குக் கண்ணாடி மிகை ஆகாமை காண்க.

இனி, நாழி என்பது முகக்கும் கலத்திற்கும் முகந்த அரிசிக்கும் பெயராதல்போல, பிரமாண நூல் என்பதும் இருபாற்படும்: பிற நூல்களை ஆராய்தற்குக் கருவியாக நிற்பது ஒன்று; அங்ஙனம் ஆராய்ந்து ஏற்கப்பட்டது மற்றொன்று. முன்னர்க் காட்டிய தொகை வழக்கு இப்பின்னதனைப் பற்றியது; முன்னதனை அது தீண்டாது. ஆகலின், துகளறு போதத்தினின்று மேற்கோள் காட்டி 'இது பிரமாணம்' என்று வாதிப்பார், அச்சொல்லை இவ்விரண்டனுள் எப்பொருளில் ஆள்கின்றார் என்பதை முதற்கண் விளக்கிப் பின்னர் வாதிக்கக் கடவர்.