மேடு ஏறாத பழைய வண்டி: பெரிய பிளாக் ஏற்றலாமா?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். பால் சொசைட்டி ஏரிக்கரைக்கு அந்தப் புறம், மேட்டின் உச்சியில் இருக்கிறது. இருபது லிட்டர் கேன் இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் காலையில் அந்த மேட்டை ஏறுகிறார் நாலு கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி ஒருவர். வண்டி, பதினெட்டு வருஷம் ஓடிய ஸ்ப்ளெண்டர். போன மழைக்காலம் வரை இரண்டாவது கியரில் ஏறியது. இப்போது முதல் கியரிலேயே மூச்சு வாங்குகிறது, பின்னால் நீலப்புகை. இரண்டு முறை பாதி மேட்டில் நின்றுவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சொசைட்டியில் ஊற்றி முடித்துவிட்டார்கள். அன்றைய பால் முழுக்க டீக்கடைக்குக் கிடைத்த விலைக்குப் போயிற்று.

“பெரிய பிளாக், பெரிய பிஸ்டன் ஏத்திடலாம்ணா. மேட்டுல பறக்கும்” என்றார் உள்ளூர் மெக்கானிக் தம்பி. தீவனக் கடையில் பாக்கி இருக்கும்போது இந்தச் செலவு செய்யலாமா என்று அவர் யோசித்தது நல்லதாகப் போயிற்று.

இந்த எஞ்சினின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 97.2 சிசி. இதன் கிராங்க், கனெக்டிங் ராடு, கிளட்ச், நாலு கியர் எல்லாமே இந்த அளவுக்குச் செய்தவை. பெரிய பிளாக் உட்கார வேண்டுமானால் கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் கூடுதல் சூட்டையும் கூடுதல் இழுவையையும் பழைய கிராங்க் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும்தான் தாங்கியாக வேண்டும். பிரேக்கோ அதே பழைய டிரம் பிரேக். கேன் கட்டிய வண்டி மேட்டில் வேகமாக ஏறுவது இருக்கட்டும், இறங்கும்போது நிற்க வேண்டாமா?

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் இழுபறிதான்.

உண்மையில் அந்த வண்டிக்குப் புதுச் சக்தி தேவைப்படவில்லை. இருந்த சக்தி எங்கே கசிகிறது என்று பார்த்திருந்தாலே போதும். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். கரும்புகை என்றால் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பக்கம் போக வேண்டும். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு கிக்கரை மிதித்து, அழுத்தம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த வாக்கில் இருப்பதால் எண்ணெய் கீழ்ப்பக்கமே தேங்கும். எனவே அதை முழுதாக நம்ப வேண்டாம்.

விவசாயி வண்டியை டவுனில் லேத் பட்டறை உள்ள பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ஹெட்டைக் கழற்றி அளந்தபோது சிலிண்டர் வட்டமாகவே இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. இதில் புது ரிங் மட்டும் போட்டால் பணம் தண்டம். கால் மில்லிமீட்டர் கடைந்தும் தேய்மானம் போகாது என்பதால் அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் முடிவானது. பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். ‘போரை முடிங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்’ என்பது தப்பு. கடைந்த பிறகு ஹோனிங் செய்த துகள்கள் போக சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோல் துணியால் துடைத்தால் போகாது. அந்தத் துகள் ஒன்றே புது ரிங்கைத் தின்றுவிடும்.

ஓவர்சைஸ் போட்டதால் சக்தி கூடியதா என்று கேட்டால், அரை மில்லிமீட்டருக்குக் கூடுவது இரண்டே சிசி. அது கணக்கிலேயே வராது. அழுத்தம் திரும்ப வந்ததுதான் பலன். கூடவே வால்வுகளை உட்கார வைத்துத் தேய்த்து, புது சீல் போட்டு, டைமிங் செயினையும் மாற்றினார்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. கிளட்ச் பக்க மூடிக்குள், கிராங்கோடு சுழலும் எண்ணெய் வடிகட்டி. காகித ஃபில்டர் இல்லாத இந்த எஞ்சினில் அழுக்கு முழுக்க அங்கேதான் ஒட்டுகிறது. ஆயில் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அது சுத்தமாகாது. இந்த வண்டியில் களிமண் போல அப்பியிருந்தது. ஆயிலும் ‘ஜேஏஎஸ்ஓ எம்ஏ’ என்று டப்பாவில் போட்டதாக இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

சிலிண்டர் இந்த நிலைக்கு வரக் காரணம் களத்துத் தூசி. சத்தம் கெத்தாக இருக்கும் என்று அவர் மகன் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டிருந்தான். நெல் அடிக்கிற களத்துக்கு வண்டி போய்வரும் வீட்டில் ஸ்பாஞ்ச் ஃபில்டரானால் மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, லேசாக எண்ணெய் தடவ வேண்டும். காகித ஃபில்டரானால் புதிதாக மாற்ற வேண்டும். பம்புசெட்டுக்கு வாங்கிய மண்ணெண்ணெயை வண்டி டேங்கில் கலக்கிற பழக்கமும் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

மேட்டுக்கு மெக்கானிக் சொன்ன கூடுதல் யோசனை ஒன்றுதான்: முன் பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதில் 13 பல். இதில் இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். அதே அளவை ஒட்டி வேகம் குறையும். எஞ்சின் வேகமாகச் சுழல்வதால் நெடுஞ்சாலையில் மைலேஜும் கொஞ்சம் விழும். டவுனுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கேன் சுமப்பவருக்கு லாபம். செயினும் பின் பல்சக்கரமும் தேய்ந்திருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

புது பிஸ்டன் பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டர், முழு ஆக்ஸிலேட்டரும் முழுச் சுமையும் கூடாது. ஸ்டாண்டு போட்டு மணிக்கணக்கில் ஓடவிடுவதும் உதவாது, ரிங் படியாது. 500 முடிந்ததும் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். பால் நிற்காதே என்று அவர் கவலைப்பட்டார். அந்த நாட்களில் ஒரு கேனை அவர் வண்டியில் கொண்டுபோக, இன்னொரு கேன் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் போகிறது. கைம்மாறாக அவர் மாட்டுக்கு இங்கிருந்து தினமும் ஒரு கட்டு தீவனப்புல். பின் பிரேக் ஷூவும் இந்த வாரம் மாற்றியாகிவிட்டது.