பந்தய மைதானத்தில் 25,000 வீடுகள்: சிட்னியில் நடந்தது என்ன?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ரோஸ்ஹில் என்ற குதிரைப் பந்தய மைதானம் 1885 முதல் இருந்து வருகிறது. அதை விற்று, அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் யோசனை 2023 டிசம்பரில் வெளியானது; 2025 மே மாதம் தோற்றும் போனது. நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். மைதானம் இருப்பது பாரமட்டா நகராட்சி எல்லையில். அக்கம்பக்கத்திலுள்ள ஹாரிஸ் பார்க், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் வட்டாரத்தில் நம்மவர் மளிகைக் கடைகள் இருக்கின்றன. நம் ஊர் அரிசியும் அப்பளமும் மசாலாப் பொடியும் அங்கே விலை போகின்றன.

கணக்கைப் பார்ப்போம். நிலம் 60 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 148 ஏக்கர். சொல்லப்பட்ட விலை 500 கோடி ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மதிப்பில் 27,000 கோடி ரூபாய்க்கு மேல். கட்டத் திட்டமிட்டது 25,000 வீடுகள். ஆக, ஏக்கருக்கு 168 வீடுகள் வரும். சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டால் மாடி மேல் மாடியாகத்தான் போக வேண்டும். நில விலையை வீட்டுக்கு வீடு பிரித்தால் தலைக்கு 2 லட்சம் டாலர்; ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே இவ்வளவு! வீட்டுக்கு இரண்டு பேர் என்றாலும் 50,000 வாடிக்கையாளர் என்று மளிகைக்காரர் மனம் துள்ளும். ஆனால் அந்த விலை நிலத்தின் கீழ்த்தளக் கடைக்கு என்ன வாடகை கேட்பார்கள்? வுல்வொர்த்ஸ், கோல்ஸ் போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கட்டும். சில்லறைக் கடைக்காரருக்குக் கட்டுமா என்பது சந்தேகமே.

நகராட்சியின் பாடும் தர்மசங்கடமானதுதான். இவ்வளவு பெரிய திட்டத்தில் கடைசி வார்த்தை மாநில அரசுடையது. ஆனால் குடி வந்த பிறகு தெருச் சாலை, குப்பை, பூங்கா, நூலகம் எல்லாம் நகராட்சியின் தலையில். பக்கத்திலேயே கமீலியா பகுதியில் 10,000 வீடுகளுக்கு மாநில அரசு 2022இலேயே திட்டம் போட்டிருந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த பகுதி அது. இரண்டும் சேர்ந்தால் ஒரு புது ஊர்தான்.

ஆனால் திட்டத்தைத் தீர்மானித்தது நகராட்சியும் அல்ல, அரசும் அல்ல. நிலம் ஆஸ்திரேலியன் டர்ஃப் கிளப்பின் சொந்தச் சொத்து. குத்தகை நிலம் அல்ல. முறைப்படி பார்த்தால் கிளப்பே முன்வந்து அரசிடம் கொடுத்த மனுதான் இது. மாநில முதல்வர் கிறிஸ் மின்ஸ் ஆதரித்தார், கிளப் நிர்வாகிகளும் முனைந்து நின்றார்கள். விற்பனைக்கு உறுப்பினர் ஒப்புதல் வேண்டியிருந்தது. சங்கக் கட்டிடத்தையோ மார்க்கெட் மனையையோ விற்க நிர்வாகக் குழு நினைத்தால் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்பது போலத்தான். (நம் சங்கங்களில் எத்தனை பேர் துணை விதிகளைப் படித்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)

உறுப்பினர்களை இணங்க வைக்கச் சந்தாச் சலுகையும், சாப்பாட்டுச் சலுகையும் காட்டினார்கள். எதிர்த்தவர்களின் கேள்வி எளிமையானது: பணம் வரும், மைதானம் எங்கே? குதிரைகளை எங்கே பழக்குவது? கெய் வாட்டர்ஹவுஸ், கிறிஸ் வாலர் போன்ற பெயர்பெற்ற பயிற்சியாளர்களே எதிர்த்து நின்றார்கள். வாலரின் லாயமே ரோஸ்ஹில்லில்தான். இரண்டு வயதுக் குதிரைகளுக்கான கோல்டன் ஸ்லிப்பர் பந்தயம் ஓடும் மண்ணும் அதுதான். நன்றாக ஓடும் கடையை நல்ல பகடி கிடைக்கிறதென்று கொடுத்துவிட்டு, மாற்று இடம் தேடி அலைந்தவர்களை நாம் பார்த்ததில்லையா? மாநில மேலவையும் தனிக் குழு அமைத்து 2024இல் விசாரித்தது. 2025 மே 27 அன்று வாக்கெடுப்பு முடிவு வந்தது. சுமார் 56 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

வீடு கிடைக்காமல் வாடகைக்கு அல்லாடும் இளைஞர்களுக்கு இது நஷ்டமே, அதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும் மாற்று இடத்தை உறுதி செய்யாமல் விலையை மட்டும் பேசிய நிர்வாகத்தின் பங்கே இதில் அதிகம் என்பது என் கருத்து.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ரயில் விஷயம். வெஸ்ட்மீடிலிருந்து பாரமட்டா வழியாக நகர மையத்துக்கு 2032இல் திறக்கத் திட்டமிட்டுள்ள மெட்ரோ பாதையில், ரோஸ்ஹில்லுக்கும் ஒரு நிலையம் தருவதாக இந்த விற்பனையை ஒட்டியே பேசினார்கள். விற்பனை இல்லையென்றால் நிலையமும் இல்லை என்றது அரசு. பழைய கார்லிங்ஃபோர்ட் ரயில் பாதை 2020இல் மூடப்பட்டது; அதற்குப் பதிலாக 2024 டிசம்பரில் வந்த லைட் ரயில் மட்டும் மைதானத்தின் அருகே நின்று போகிறது.