இளையோர் மனக்கவலையும் நம் கடமையும்

ஆண்டுதோறும் மே திங்களில் கேரள மாநிலத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. 2024-ஆம் ஆண்டில் தேர்வெழுதியோருள் நூற்றுக்கு 99.69 பேர் தேறினர். ஏறத்தாழ எல்லோரும் தேறிவிட்ட இடத்தில் கவலைக்கு இடமேது என்று வினவத் தோன்றும். ஆயினும், வாளையார் முதல் கொழிஞ்சாம்பாறை வரையிலும், மூணாறு முதல் குமுளி வரையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அம்மாதம் மகிழ்ச்சியினும் மனச்சுமையே மிகுந்திருக்கக் காண்கிறோம். "எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வந்ததா?" என்னும் கேள்வி ஒருபுறம், "பிளஸ் ஒன் வகுப்பில் விரும்பிய பாடம் கிடைக்குமா?" என்னும் ஏக்கம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் நடுவே பதினைந்து வயதுப் பிள்ளையொன்று சரிவர உண்ணாமலும் உறங்காமலும், "என்னால் ஆகாது; நான் இப்படித்தான்" என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பதைப் பெரியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இக்கட்டுரை, "நான் இப்படித்தான்" என்னும் அந்தச் சொல்லைப் பற்றியது. நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். எனினும், அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட சில உண்மைகளை எளிய தமிழில் சங்க அன்பர்களின் முன் வைப்பது பயன் தரும் என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

நம் பிள்ளைகளின் தனிச் சுமை

வளரிளம் பருவத்து மனத்துயர் எல்லா இனத்தார்க்கும் பொதுவானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேலானோர் மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகியிருந்தனர் என்று கண்டது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை ஒன்றில் ஏறக்குறைய மூவர் என்று இதனைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இப்பொதுச் சுமைக்கு மேல் நம் பிள்ளைகளுக்குத் தனிச் சுமைகளும் உண்டு. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடு கம்பெனிக்கு உரியது. தாயோ தந்தையோ வேலையில் இருக்கும் வரையில்தான் அவ்வீடு; ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். "நீ படித்து ஒரு வேலைக்குப் போனால்தான் நமக்கு நிற்க நிழல்" என்று தாய் சொல்லுங்கால், அச்சொல் அன்பினால் பிறந்ததேயாயினும், ஒரு குடும்பத்தின் கூரை முழுவதும் அப்பிள்ளையின் தலைமேல் ஏறிவிடுகிறது.

மொழியின் துன்பமும் சிறிதன்று. பத்தாம் வகுப்பு வரையில் தமிழ் வழியில் பயின்ற பிள்ளை, பிளஸ் ஒன் வகுப்பில் கால் வைத்ததும் ஆங்கிலத்தையும் மலையாளத்தையுமே கேட்கிறது. நேற்று வரை வகுப்பில் முதலிடம் பெற்றிருந்த பெண், இன்று ஆசிரியர் கேட்கும் கேள்வியே விளங்காமல் தலைகுனிந்து நிற்கிறாள். இங்கே சிலர் "பாண்டி" என்று ஏளனம் செய்கின்றனர்; விடுமுறைக்குத் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ சென்றால் உறவினரே "மலையாளத்துப் பிள்ளை" என்கின்றனர். எவ்வூரும் தன்னூர் அன்று என்னும் எண்ணம் இளநெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்கள் மாண்டமை இத்தோட்டப்புறங்களில் யாவர்க்கும் தெரியும். அதன் பின் மழையிரவுகளில் அஞ்சி விழித்திருக்கும் பிள்ளைகளைக் கோழைகள் என்று எவர் சொல்லத் துணிவர்?

இரு வகை நம்பிக்கைகள்

துன்பம் வருவது ஒன்று. அத்துன்பத்தைப் பற்றிப் பிள்ளை கொள்ளும் எண்ணம் மற்றொன்று. "எனக்கு இப்போது பயமாயிருக்கிறது" என்பதற்கும், "நான் பயந்த சுபாவம் உடையவன், இது மாறாது" என்பதற்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரிது. முன்னது ஒரு நிலை; பின்னது ஒரு தீர்ப்பு.

அமெரிக்க உளவியல் பேராசிரியை காரல் டுவெக் அம்மையார் இவ்வேற்றுமையைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். அறிவும் குணமும் பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டவை என்று நம்புவதை நிலைத்த மனப்பான்மை என்றும், அவை பயிற்சியாலும் துணையாலும் வளரக்கூடியவை என்று நம்புவதை வளர் மனப்பான்மை என்றும் நாம் தமிழில் சொல்லலாம். அவரும் கிளாடியா மியூல்லர் என்பாரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வொன்று பெற்றோர் யாவரும் அறியத்தக்கது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தனர். ஒரு சாராரை, "நீ புத்திசாலி" என்று பாராட்டினர். மற்றொரு சாராரை, "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்று பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களைக் கொடுத்தபொழுது, புத்திசாலி எனப்பட்டோர் எளிதில் மனம் தளர்ந்தனர். அதன் பின் வந்த எளிய புதிர்களிலும் முன்னைவிடக் குறைவாகவே செய்தனர். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னோரும் அவருள் மிகுதி. உழைப்பிற்காகப் பாராட்டப் பெற்றோரோ கடினமானதையே விரும்பித் தேடினர். புகழுரையே பிள்ளைக்கு விலங்காவது வியப்பன்றோ!

அரைமணி நேரப் பாடம்

படிப்புக்குச் சொன்ன இவ்வுண்மை மனத்துயருக்கும் பொருந்துமா என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர். ஜெசிகா ஷ்லைடர், ஜான் வைஸ் என்னும் இருவர், பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள தொண்ணூற்றாறு பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. பிள்ளைகளுள் ஒரு பகுதியினர்க்குக் கணிப்பொறி வாயிலாக அரைமணி நேர அளவில் ஒரே ஒரு பாடம் அளிக்கப்பட்டது. அதில் மூன்று கூறுகள் இருந்தன. முதலாவது, மூளை கல்லைப் போன்றதன்று, நாம் அடிக்கடி நினைப்பதும் செய்வதும் அதன் இணைப்புகளை வலுப்படுத்துகின்றன, எனவே அச்சமும் சோர்வும் மாறக்கூடியவை என்னும் அறிவியல் விளக்கம். இரண்டாவது, அதே துயரத்தைக் கடந்து வந்த மூத்த மாணவர்களின் அனுபவ உரை. மூன்றாவது, தான் கற்றதைக் கொண்டு, துயருறும் மற்றொரு பிள்ளைக்கு ஆறுதல் எழுதும் பயிற்சி. ஒன்பது திங்கள் கழித்துப் பார்த்தபொழுது, உணர்ச்சிகளைப் பேசும்படி மட்டும் ஊக்கப்பெற்ற மற்றப் பகுதியினரைவிட இவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் குறைந்திருந்தது.

இவையெல்லாம் செல்வம் மிக்க நாட்டுச் செய்திகள், நமக்கு எட்டுமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் "ஷமிரி" என்னும் திட்டம் நடைபெற்றது. தழைத்தல் என்பது அந்நாட்டுச் சுவாகிலி மொழியில் அச்சொல்லின் பொருள். நைரோபி, கியாம்பு ஆகிய இடங்களின் பள்ளிகளில் 413 மாணவர்கள் சிறுசிறு குழுக்களாக வாரம் ஒரு முறை, நான்கு வாரங்கள் கூடினர். வளர் மனப்பான்மை, நன்றியுணர்வு, தம் வாழ்வில் தாம் மதிக்கும் பண்புகள் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசினர். நடத்தியவர் மருத்துவரும் அல்லர், உளவியல் பட்டம் பெற்றவரும் அல்லர். பள்ளிப்படிப்பை முடித்துச் சிறிது பயிற்சி பெற்ற இளைஞரே. 2021-இல் வெளியான முடிவின்படி, படிக்கும் முறைகளை மட்டும் கற்ற குழுவினரைவிட இவர்களிடம் சோர்வும் கவலையும் கூடுதலாகக் குறைந்தன. பெரும் பொருட்செலவு இல்லாமல், மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் செய்த தொண்டு இது.

வெறும் உபதேசம் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இம்முறை மாய மருந்தன்று. ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தோர், சராசரிப் பயன் சிறியது என்றும், சில இடங்களில் பயனே காணவில்லை என்றும் சொல்லியுள்ளனர். அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. "முயன்றால் முடியும்" என்பதைச் சாட்டையாக்கி, "நீ முயலவில்லை, அதனால்தான் அழுகிறாய்" என்று பிள்ளையையே குற்றவாளியாக்கிவிடுவது எளிது. அது வளர் மனப்பான்மை அன்று. பழைய ஏச்சுக்குப் புதிய பெயர்.

நம் தொழிலில் இருந்தே ஓர் உவமை கூறுவோம். பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதை முன்னாளில் மீட்டர் கேஜ் பாதையாயிருந்தது. 2008-இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2015-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. "குறுகலாகப் பிறந்த பாதை, குறுகலாகவே கிடக்கட்டும்" என்று எவரும் கைவிடவில்லை. அதே சமயத்தில், "அகலமாகு, அகலமாகு" என்று பாதையை நோக்கி உபதேசம் செய்துகொண்டிருக்கவும் இல்லை. தண்டவாளமும் ஜல்லியும் கொடுத்தனர், ஆள் கொடுத்தனர், ஆண்டுக்கணக்கில் காலம் கொடுத்தனர். பிள்ளைக்கும் இவ்வாறே. மாறும் என்னும் நம்பிக்கையோடு, மாறுவதற்கு வேண்டிய துணையையும் பெரியவர்கள் கொடுத்தாக வேண்டும். பிளஸ் ஒன் வகுப்பில் மொழி விளங்காமல் தவிக்கும் பிள்ளைக்கு முதல் தேவை அறிவுரையன்று. மாலையில் அருகமர்ந்து பாடத்தைத் தமிழில் விளக்க ஒருவர்.

வீட்டிலும் சங்கத்திலும் செய்யத்தக்கவை

முதலாவது, நம் நாவைக் காப்போம். "உனக்குக் கணக்கு வராது, உன் அப்பனுக்கும் வரவில்லை" என்பதை விடுத்து, "இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை, எந்தப் படியில் தடுக்கிறது, காட்டு" என்று கேட்போம். "இன்னும்" என்னும் அச்சிறு சொல் கதவைத் திறந்து வைக்கிறது.

இரண்டாவது, பிள்ளை துயரத்தைச் சொல்லும்பொழுது உடனே மறுத்துரைக்காதிருப்போம். "இதற்கெல்லாமா அழுவாய், கண்ணு?" என்று கேட்டால் அடுத்த முறை அது வாய் திறவாது. "கஷ்டமாகத்தான் இருக்கும். எவ்வளவு நாளாக இப்படி?" என்று கேட்டு, முழுதும் கேட்ட பின்னர், "இது இப்படியே இராது, என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம்.

மூன்றாவது, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளையும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்று கூட்டலாம். அதே லயத்தில் வளர்ந்து, அதே மொழித் துன்பத்தில் விழுந்து எழுந்த ஓர் அக்காவின் வாய்ச்சொல், பெரியவர்களின் பத்துச் சொற்பொழிவுகளினும் மேலானது. கூட்டத்தின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையும், தன்னினும் இளைய ஒருவனுக்கு ஆறுதல் கடிதம் ஒன்று எழுதட்டும். பிறர்க்கு எழுதிய ஆறுதல் எழுதியவர்க்கும் மருந்தாகும்.

நான்காவது, நோயை நோய் என்று அறிவோம். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீங்காதிருத்தல், உறக்கமும் உணவும் கெடுதல், நண்பரையும் விளையாட்டையும் வெறுத்தல், பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை கண்டால் மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்லும் நாம் இதற்கு நாணுவது ஏன்? கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. பள்ளியில் ஆலோசகர் இருப்பின் அவரிடமும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சிறார்க்கான உதவி எண் 1098. சாவைப் பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அதனை விளையாட்டென்று தள்ளாமல், தனியே விடாமல், அன்றே உதவி நாடுதல் கடமை.

திருவள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்தவர்தாம். அவரே ஆள்வினையுடைமை என்று பிறிதோர் அதிகாரமும் வகுத்து, அதனை அடுத்தே இடுக்கண் அழியாமையை வைத்தார். முயற்சியும் மனந்தளராமையும் அருகருகே நிற்பவை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தலையெழுத்து என்னும் ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி நம்மவர் மூன்று தலைமுறைகளைக் கழித்தோம். நான்காம் தலைமுறையேனும் "நான் இப்படித்தான்" என்பதை மறந்து, "நான் இன்னும் வளர்கிறேன்" என்று சொல்லட்டும். அவ்வாறு சொல்லும் துணிவு பிள்ளைக்கு வருமுன், "உன்னோடு நாங்கள் இருக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். வரும் பொதுக்குழுவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அன்பர்கள் ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.