நாலு அடுப்பு... ஒரு மொட்டை மாடி!

செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி, யாராவது ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில கூடி, கரி அடுப்பைப் பத்த வெச்சு, மசாலா தடவின கோழியைக் கம்பியில குத்தி... இந்த சீன் உங்க வாழ்க்கையிலயும் ஒரு தடவையாவது வந்திருக்கும். அன்னிக்கு என்ன பண்ணினீங்க? இடம் கிடைச்ச பக்கம் அடுப்பை வெச்சிருப்பீங்க. கரி மூட்டை படிக்கட்டுல, தட்டு தண்ணி டேங்க் மேல, பச்சைக் கோழி ஒரு மூலையில. நடுவுல ஒருத்தன் 'டேய், இடுக்கி எங்கடா?'ன்னு கத்திட்டே இருப்பான். கரெக்டா?

நாங்களும் அப்படித்தான் பண்ணினோம். எங்க ஜூனியர் ஒருத்தன் மூணு வாரம் செருப்புப் போட முடியாம கிளாஸுக்கு வந்தான்.

கதை என்னன்னா... எங்க செட்டுல ஒருத்தனுக்கு அப்பா தவறிட்டார். மூணாவது வருஷ ஃபீஸ் கட்ட வழியில்லை. 'திருப்பூர் போறேன் மாப்ள, வேலை இருக்காம்'னு பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். கையில காசு வெச்சுக் கொடுத்தா வாங்க மாட்டான். ரோஷக்காரன். அப்போதான் எங்கள்ல வடகாட்டுப் பக்கத்துக்காரன் ஒருத்தன் சொன்னான்: 'மொய் விருந்து வெச்சிருவோம்டா!'

புதுக்கோட்டைக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: வடகாடு, கீரமங்கலம் சுத்து வட்டாரத்துலயும், பக்கத்துல தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாசம் வந்தா மொய் விருந்து சீஸன். பணம் தேவைப்படறவர் பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். வர்றவங்க சாப்பிட்டுட்டு மொய் எழுதுவாங்க. அது தானம் இல்லை, வட்டியில்லாக் கடன். நோட்டுல ஏறின ஒவ்வொரு ரூபாயையும் அவங்க விருந்து வைக்கிறப்போ திருப்பிச் செய்யணும், கொஞ்சம் சேர்த்தும் செய்யணும். வாங்கறவருக்குத் தலைகுனிவே கிடையாது. நம்ம ரோஷக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?

மெனு, மண் அடுப்புல சுட்ட கோழி. எங்ககிட்ட இருந்தது ரெண்டு டிரம் தந்தூரி, ரெண்டு மண் கரி அடுப்பு. வந்தவங்க அறுபது பேர். பிளான்? பூஜ்யம்! ராத்திரி ஏழரை மணிக்கு, கனல் கரி நிரப்பின சட்டியை ஒரு புத்திசாலி பிளாஸ்டிக் ஸ்டூல் மேல வெச்சான். ரெண்டே நிமிஷம். ஸ்டூல் கால் இளகி, சட்டி சாஞ்சு, பக்கத்துல வெறுங்காலோட நின்ன ஜூனியர் பாதத்துல கனல் கொட்டிருச்சு. விருந்து அதோட குளோஸ். பாதி ஃபீஸ்கூடத் தேறலை.

அதைவிடக் கொடுமை, பதற்றத்துல நாங்க அவன் கால்ல டூத் பேஸ்ட் தடவினோம். ப்ளீஸ், நீங்க அதைப் பண்ணாதீங்க. சுட்ட இடத்தை உடனே ஓடற சாதாத் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பேஸ்ட், மை, ஐஸ்கட்டி எதுவும் கூடாது. அப்புறம் சுத்தமான துணியால மூடி, நேரா ஆஸ்பத்திரி.

அடுத்த விருந்துக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. ஆடி முடியறதுக்குள்ள வெச்சாகணும், ஃபீஸ் கட்ட கடைசித் தேதியும் அதுதான். 'அடுப்பை எங்க வைக்கிறது, மேஜையை எங்க போடறது, சாமானை எங்க அடுக்கறது?' எங்க இன்ஜினீயரிங் வாழ்க்கையோட முதல் நிஜ ப்ராஜெக்ட் இதுதான் பாஸ்!

வீடே ஒரு பாடம்!

முதல்ல போனது திருமயம் பக்கம். செட்டிநாட்டு வீடுன்னா எல்லாரும் காரைக்குடிதான் நினைப்பாங்க. ராயவரம், கோனாப்பட்டு, ராமச்சந்திரபுரம் எல்லாம் நம்ம புதுக்கோட்டை மாவட்டம்தான். அந்த வீடுகள்ல பலதும் முன் தெருவுல ஆரம்பிச்சுப் பின் தெருவுல முடியும். முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டுன்னு ஒரே நேர்கோடு. சமையல் கடைசிக் கட்டுல. அதை ஒட்டியே சாமான் அறைகள். நடுவுல திறந்த முற்றம் இருக்கிறதால புகை வானத்துக்குப் போயிடும். பின்பக்கம் சமைச்சது முன்பக்கம் பந்திக்கு வரும்.

நம்ம மாடிக்கு இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: சாப்பாடு ஒரே திசையில நகரணும். பச்சைக் கறி ஒரு முனையில, அடுப்பு நடுவுல, வெந்த கறி மறு முனையில. யாரும் யாரையும் குறுக்கே தாண்டக் கூடாது.

இன்னொரு பாடம் என் சொந்த ஞாபகத்துல இருந்து. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தப்போ நான் எட்டாம் வகுப்பு. ஆலங்குடிப் பக்கம் எங்க ஊர்ல ஒரு தென்னைகூட நேரா நிக்கலை. கரன்ட் வர வாரக்கணக்காச்சு. தெருவே அடுப்புகளைத் தூக்கிட்டு வந்து ஒரே இடத்துல சமைச்சோம். அன்னிக்கு எங்க அப்பத்தா அடுப்பு வெக்கறதுக்கு முன்னால ஒரு பிடி புழுதியை எடுத்து மேல விட்டுப் பார்த்துச்சு. 'காத்து எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துட்டு அடுப்பை வையிங்கடா.' அவ்வளவுதான், இதைவிட எளிமையா எந்த புரொபசரும் சொல்லித் தரலை!

காத்தைப் பாரு... இடத்தைப் போடு!

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். நம்ம ஊர்ல அந்த மாசம் மேக்காத்து. அதனால அடுப்பு வரிசை மாடியோட கிழக்கு ஓரம், சாப்பிடறவங்க மேற்கே. சமைக்கிறவன் அடுப்புக்கு மேற்கே நின்னு கிழக்கே பார்க்கணும். காத்து முதுகுல படும், புகை எதிர்ப்பக்கம் போயிடும். படிக்கட்டு வாசல் சாப்பிடறவங்க பக்கம் இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா அடுப்பைத் தாண்டி ஓடற நிலைமை வரக் கூடாது.

அடுப்புக்கு மேல பந்தல், தார்ப்பாய், துணிக்கொடி எதுவும் ஆகாது. பிளாஸ்டிக் தண்ணி டேங்க், பைப் பக்கமும் போகாதீங்க. முக்கியமா, மழை வந்துச்சுன்னு கனலோட அடுப்பைப் படிக்கட்டு ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிராதீங்க. மூடின இடத்துல எரியற கரி, கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆளையே முடிச்சிரும்.

தளம் தாங்குமா தலைவா?

சிவில் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆள் ஏறிப் புழங்கற மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 சொல்ற சுமை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. எங்க டிரம் தந்தூரி மணல் நிரப்பினதும் 100 கிலோவைத் தாண்டிருச்சு. அதைச் சுத்தி நாலு பேர் நின்னா? கணக்குப் போட்டுக்கோங்க!

அதனால நாலு அடுப்பையும் தளத்தோட நடுவுல ஒரே இடத்துல குவிக்காதீங்க. கீழே சுவரோ பீமோ போற கோட்டு மேல, அடுப்புக்கு அடுப்பு மூணடி விட்டு வரிசையா வைங்க. டிரம், மண் பானை, மணல் மூணையும் தனித்தனியா மேல ஏத்தி, அங்கேயே பூட்டுங்க. விரிசல் விட்ட பழைய தளமா? சந்தேகமே வேண்டாம், தரையில வெச்சுக்கோங்க.

அடுப்பை நேரடியாத் தளத்து மேல வைக்கிறதும் தப்பு. சூட்டுல தட்டோடு வெடிக்கும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மேல ஒரு கடப்பாக்கல், அது மேல மறுபடி செங்கல், அப்புறம் அடுப்பு. நடுவுல காத்து ஓடினா சூடு கீழே இறங்காது.

இது நம்ம பிரச்னை மட்டும் இல்லை. ஜப்பான்ல அடுப்புக்குப் பேரு 'கமாடோ'. இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அங்க இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க அந்த மூடி போட்ட மண் அடுப்பு ருசியில மயங்கி ஊருக்குக் கொண்டு போனாங்க. 1974-ல அட்லாண்டாவுல 'பிக் க்ரீன் எக்'னு கம்பெனியே ஆரம்பிச்சாச்சு. முட்டை மாதிரி இருக்கிற பீங்கான் அடுப்பு. பெரிய சைஸ் ஒண்ணு 70 கிலோவுக்கு மேல! அதை அவங்க வீட்டு மரத்தளத்துல வைக்கிறப்பவும் இதே விதிதான்: மரத்து மேல நேரா வைக்காதே, கல் போடு, காத்துக்கு இடம் விடு.

ஒரு மேஜை பச்சைக்கு... ஒரு மேஜை வெந்ததுக்கு!

சாமியானா கடையில ரெண்டு இரும்பு மேஜை வாடகைக்கு எடுத்தோம். மொத்த வரிசையும் இப்படி:

தெற்கு முனையில ஐஸ் பெட்டி, பச்சை மேஜை. மசாலா தடவின கோழி 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஐஸ்லயே இருக்கணும். நம்ம ஊர் வெயில் 32 டிகிரியைத் தாண்டற நாள்ல வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல வெச்சா கிருமிகளுக்குத்தான் விருந்து. அதனால ஒரு அடுப்புக்குத் தேவையானதை மட்டும் எடுத்து மூடிருவோம்.

நடுவுல நாலு அடுப்பு. வாய் இடுப்பு உயரத்துல. அடுப்புக்கும் மேஜைக்கும் நாலடி. அந்த நாலடியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரிச்சோம். கோட்டுக்குள்ள ரெண்டே பேர், பருத்திச் சட்டை, மூடின ஷூ. பாலியெஸ்டர் ஹீரோக்களுக்கு நோ என்ட்ரி.

வடக்கு முனையில வெந்த மேஜை. கோழியோட தடிமனான இடத்துல 74 டிகிரி காட்டினாத்தான் அது இந்த மேஜைக்கு வரும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கினா போதும், 'வெந்துச்சா, வேகலையா?' பட்டிமன்றமே தேவையில்லை.

இடுக்கி? பச்சைக்குச் சிவப்பு டேப், வெந்ததுக்குப் பச்சை டேப். மாத்தித் தொட்டவனுக்கு பாத்திரம் கழுவற டியூட்டி! கம்பிகளை ஒரு பலகையில ஆணி அடிச்சுத் தொங்க விட்டோம். அதுக்கப்புறம் 'இடுக்கி எங்கடா?' சத்தமே வரலை.

கரியும் சாம்பலும்...

சீமைக்கருவேலங் கரி நின்னு எரியும். அதை மூடி போட்ட தகர டின்ல, அடுப்புல இருந்து பத்தடி தள்ளி, காத்து வர்ற பக்கம் வெச்சோம். பொறி அந்தப் பக்கம் பறக்காது பாருங்க. பத்த வைக்க கொட்டாங்கச்சியும் தேங்காய் நாரும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய்ப் பக்கமே போயிடாதீங்க. கனல் சட்டிக்குத் தனியா செங்கல் மேடை. பிளாஸ்டிக் ஸ்டூலை மாடியிலயே ஏத்தலை. ரெண்டு வாளி மணல், ரெண்டு வாளி தண்ணி எப்பவும் ரெடி.

ஆனா அந்தத் தண்ணியைச் சுடற மண் அடுப்புல மட்டும் ஊத்தக் கூடாது, டமால்னு விரியும். மேல் வாயையும் கீழ்த் துவாரத்தையும் மூடினா காத்து இல்லாம கனல் தானே அடங்கும். மூடினதைச் சட்டுன்னு திறக்காதீங்க. திடீர்னு உள்ளே போற காத்துல தீ குபீர்னு முகத்துக்கு வரும். லேசா ஒரு விரல் இடுக்கு, கொஞ்சம் பொறுத்து முழுசா.

நெருப்பு போனாலும் மண் சூட்டை விடாது. அதனாலதானே அதுல கோழி அவ்வளவு பதமா வேகுது! அதனால அன்னிக்கு ராத்திரியே அடுப்பை நகர்த்தற வேலை வேண்டாம். சாம்பலுக்குள்ள கனல் மறுநாள்கூட உயிரோட இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளிதான் அதுக்கு இடம், குப்பைத் தொட்டி இல்லை. நல்லா ஆறினதும் அடுப்பைச் செங்கல் மேல ஏத்தி, தகரத்தால மூடி வைங்க. மழையில ஈரம் குடிச்ச மண்ணை எடுத்த எடுப்புல முழுத் தீயில போட்டா உள்ளே ஆவி சேர்ந்து விரிசல் விடும். அடுத்த தடவை அரை மணி நேரம் சின்னத் தீ காட்டிட்டு ஆரம்பிங்க.

அந்த மொய் நோட்டு...

ஆடிக் கடைசி ஞாயிறு. ரெண்டாவது விருந்து. இந்தத் தடவை நூத்துப்பத்து பேர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்தின அடுப்பு ஒன்பதரைக்கு அடங்கிச்சு. ஒரு தட்டு உடையலை, ஒருத்தர் விரல் சுடலை. சாப்பிட வந்த ஒரு பெரியவர் மேஜை வரிசையையே அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, 'எந்த ஊரு சமையல் செட்டு தம்பி நீங்க?'ன்னு கேட்டார். அரியர் இல்லாம பாஸ் பண்ணினப்பகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை!

மொய் எழுத உட்கார்ந்தது யார் தெரியுமா? கால்ல கட்டோட நம்ம ஜூனியர். எல்லார் பேரையும் ஊரோட எழுதி முடிச்சுட்டு, கடைசியா தன் பேரையும் எழுதினான். 'ரூபாய் 50. ப்ளஸ் ஒரு சுட்ட கால்.'

ஃபீஸ் கட்டியாச்சு. இப்போ ரோஷக்காரன் எங்க பெஞ்ச்லதான் உட்கார்ந்திருக்கான். மொய் நோட்டு அவன் பையில எப்பவும் இருக்கும், கால்குலேட்டர் பக்கத்துல. போன வாரம் போரடிக்கிற கிளாஸ்ல அதைத் திறந்து பார்த்துட்டே இருந்தவன், மெதுவா என்கிட்ட கேட்டான்.

'பணத்தைத் திருப்பிச் செஞ்சிரலாம் மாப்ள... அந்தக் காலை எப்படிடா திருப்பிச் செய்யறது?'

எனக்குப் பதில் தெரியலை ஃப்ரெண்ட்ஸ். அதனால ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அடுத்த தடவை மாடியில அடுப்பைத் தூக்கறதுக்கு முன்னால ஒரு பிடி புழுதியை எடுத்து மேல விட்டுப் பாருங்க. அப்புறம், அந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கீழேயே விட்டுட்டு வாங்க!