இணையதளங்களைச் சேமிக்கும் பணி: தேசிய நூலகம் ஒப்பந்தத்தில் கோர வேண்டியவை

நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவிலேயே அனுப்புதல் வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். 1956இல் செய்தித்தாள்களும் இதில் சேர்க்கப்பட்டன. இன்றோ அரசின் அறிக்கைகளும் புள்ளிவிவரங்களும் பல நேரங்களில் இணையதளத்தில் மட்டுமே வெளியாகின்றன. தளம் புதுப்பிக்கப்பட்டதும் பழைய பக்கம் மறைந்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கும் திறன் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1988இல் தொடங்கப்பெற்றுப் 'பரம்' மீக்கணிப்பொறியால் புகழ்பெற்ற புணே சி-டாக் நிறுவனத்தில், மின்னணு ஆவணப் பாதுகாப்பிற்கென ஒரு சிறப்பு மையம் 2011இல் அமைக்கப்பட்டது. அங்கு உருவான 'டிஜிடாலயா' மென்பொருள், புது டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகத்தில் பயன்படுத்தப்பட்டது. நம்பகமான காப்பகங்களுக்குரிய ஐ.எஸ்.ஓ. 16363 சான்றினை அக்காப்பகம் 2017இல் உலகிலேயே முதன்முதலாகப் பெற்றது.

எனினும் ஒலிநாடா இருந்த இடத்திலேயே இருக்கும். இணையப் பக்கத்தைத் தேடிச் சென்று திரட்ட வேண்டும். இதற்கென அமைந்த நிரல் ஒரு முகவரியில் தொடங்கி, அங்குள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து, காணும் பக்கங்களை நாள், நேரத்துடன் 'வார்க்' என்னும் கோப்பு வடிவில் சேர்க்கிறது. இவ்வடிவம் 2009 முதல் பன்னாட்டுத் தரமாக (ஐ.எஸ்.ஓ. 28500) விளங்குகிறது. தேடல் படிவத்திற்குப் பின்னே தரவுத்தளத்தில் உள்ளவை பெரும்பாலும் இந்நிரலுக்கு எட்டுவதில்லை.

அமெரிக்க, பிரெஞ்சுத் தேசிய நூலகங்கள் கூடத் தொடக்க ஆண்டுகளில் இப்பணியை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' அமைப்பிடம் ஒப்பந்தத்தில் ஒப்படைத்தன. ஆகவே வெளியாரிடம் ஒப்படைப்பது தவறன்று. எதற்குப் பணம் தருகிறோம் என்பதே வினா. கொள்ளளவைக் கொண்டு கட்டணம் நிர்ணயித்தால் ஒரே காணொளி பலமுறை திரட்டப்படலாம்; தளங்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயித்தால் முகப்புப் பக்கத்தோடு வேலை நின்றுவிடலாம். நூலகர்கள் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பார்த்து ஏற்ற பின்னரே பணம் வழங்குவது நலம். மிகக் குறைந்த விலைப்புள்ளியே வெல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிதி அமைச்சகத்தின் 2021 அக்டோபர் அறிவுரைகள், உரிய ஒப்புதலுடன் தரத்திற்கு 30 சதவீதம் வரை மதிப்பளிக்க இடம் தந்தன.

விலையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. திரட்டியவை அனைத்தும் 'வார்க்' வடிவிலேயே, சரிபார்ப்பு எண்களுடன், ஆண்டுக்கொரு முறையேனும் நூலகத்தின் கைக்கு வந்து சேர வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் கேட்டுப் பெறலாம் என்றிருந்தால், நிறுவனம் மூடப்பட்டாலோ வழக்கு எழுந்தாலோ சேகரம் முழுவதும் கைவிட்டுப் போகும். இன்னொரு படி வேறு நகரத்திலும் இருத்தல் வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நிகழ்ந்த இணையத் தாக்குதலால் அதன் இணையக் காப்பகம் மாதக்கணக்கில் வாசகருக்கு எட்டாமற் போயிற்று.

சட்டத்தின் நிலை வேறு. பிரிட்டனில் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள், அனுமதி கேளாமலே திரட்டும் உரிமையை நூலகங்களுக்கு அளித்தன. நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தமோ, மின்னணு அல்லாத படி ஏற்கெனவே கையிலிருந்தால் மட்டுமே பொது நூலகம் அதனை மின்னணு வடிவில் சேமித்துப் பாதுகாக்கலாம் என்கிறது. இணையப் பக்கத்திற்கு அத்தகைய படி ஏது? தனியார் தளங்களுக்கு ஒவ்வொருவரிடமும் இசைவு பெற்றாக வேண்டும். ஆனால் அரசுத் தளங்களில் அரசே வெளியிடும் அறிக்கைகளின் உரிமையாளர் அரசே. அவற்றிலிருந்து பணியைத் தொடங்கப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. துறைகளின் இசைவுக் கடிதங்களே போதும்.