சஹானாவும் ஒரு சின்னக் கோப்பும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது, இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் நெடுகிலும் இழப்பு. யாரைக் காணவில்லை, யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், எந்த நிவாரணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஒரே இடத்தில் பதிய வழியில்லாமல் நாடு திணறியது. அந்த நாட்களில் இலங்கையின் கணினித் தொண்டர்கள் இரவு பகலாக எழுதிய மென்பொருள்தான் ‘சஹானா’.

எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டதால் அது நாடு கடந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திற்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் உதவியது. 2010இல் ஹெய்ட்டி குலுங்கியபோது, பைத்தன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட ‘சஹானா ஈடன்’ களத்தில் இருந்தது.

ஓரிடத்தில் எழுதியது முன்பின் பார்த்திராத இன்னொரு கணினியில் ஓட வேண்டுமே, அது எப்படி? எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. திகதியைக் கணக்கிட ஒன்று, பிடிஎஃப் அறிக்கை தயாரிக்க ஒன்று என்று மற்றவர்கள் எழுதிய பொதிகளின் மேல்தான் நிற்கிறது. எழுதியவரின் கணினியில் அவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும். புதுக் கணினியில் ஒன்றும் இராது. ஆகவே தேவையான பொதிகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, நிரலோடு சேர்த்தே அனுப்புகிறார்கள். பைத்தன் உலகில் அதன் பெயர் ‘ரிக்குவயர்மென்ட்ஸ்’ கோப்பு. ‘பிப்’ என்ற கருவி அதை வாசித்து எல்லாவற்றையும் இறக்கித் தரும்.

ஈடனில் இப்படி இரண்டு கோப்புகள். இல்லாவிட்டால் மென்பொருளே ஓடாது என்பவை ஒன்றில். ஏதோ ஒரு வசதி மட்டும் குறையும் என்பவை மற்றதில். தொடங்கும்போதே ஈடன் அவற்றைப் பார்த்து, எந்தப் பொதி இல்லை, அதனால் எந்த வேலை நடக்காது என்று எச்சரிக்கும். அவசரத்தில் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பெயர் மட்டும் போதாது, பதிப்பு எண்ணும் வேண்டும். பெயருக்குப் பின்னால் இரண்டு சமக்குறி போட்டு எண்ணை எழுதினால் அந்தப் பதிப்பு மட்டுமே வரும். எண் இல்லையென்றால் பொதுவாக அன்றைக்குக் கிடைக்கும் ஆகப் புதியது வந்து, ஓடிக்கொண்டிருந்ததை உடைத்துவிடக்கூடும். பொதியே காணாமல் போவதும் உண்டு. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற வெறும் 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்க, உலகெங்கும் எத்தனையோ ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்கள் சில மணி நேரம் முடங்கின.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் முதல் புரொஜெக்டைத் தொடங்கும் மாணவி தன் ‘ரிக்குவயர்மென்ட்ஸ்’ கோப்பை முதல் நாளே திறப்பது நல்லது. முதலில் அந்த வேலைக்கென்று ‘வென்வ்’ என்ற கருவி மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்க வேண்டும். பிறகு ஒரு பொதியைச் சேர்த்த கையோடு அதன் பெயரையும் எண்ணையும் எழுதிவிட வேண்டும். கடைசி நாளில் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை கொடுத்து, நிறுவியுள்ள பொதிகளின் பட்டியலை மொத்தமாக எடுப்பவர்கள் பலர். தனிச் சூழல் இல்லாதிருந்தால், சம்பந்தமே இல்லாத பழைய பொதிகளும் பட்டியலில் ஏறிவிடும்.

பேரிடரில் முதலில் அறுவது தொடர்புகள்தான். அதற்கும் வழியுண்டு: ‘பிப் டவுன்லோட்’ பட்டியலிலுள்ள பொதிகளை ஒரு ஃபோல்டரில் சேர்த்துத் தரும். பென்டிரைவில் அதைக் கொண்டுபோனால், அதே வகை இயங்குதளமும் அதே பைத்தன் பதிப்பும் உள்ள கணினியில் இணையம் இல்லாமலே நிறுவலாம்.