வணிகக் குடும்பத்தின் பாதுகாப்பு: கடைக்காரர் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

சங்க உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டால் நாம் அரை நாள் கடையடைக்கிறோம். மாலை வாங்கிச் செல்கிறோம். அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போட்டு எழுந்து நின்று மௌனம் காக்கிறோம். காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நம்மில் பலர் கேட்பதில்லை.

மொத்த வியாபாரி பாக்கி கேட்டு வருகிறார். வாடிக்கையாளர்கள் தர வேண்டிய கடன் பாதி நோட்டிலும் பாதி மறைந்தவரின் மனதிலும் இருந்திருக்கிறது. வங்கிக் கணக்கு நின்றுவிடுகிறது. கடைச் சாவி மனைவியின் கையில் இருக்கிறது. கடையின் கணக்கு அவர் கையில் இல்லை.

இடையில் நிற்பவர்கள் நாம்

நம் கொங்கு வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது. அவர் மறைந்தால் 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நோய் வந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஏதுமற்ற நிலையில் உள்ள கைம்பெண்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஆதரவற்றோருக்கான திட்டம்.

மளிகைக்கடைக்காரரின் குடும்பம் இந்த இரண்டிலும் சேராது. சம்பளக்காரருக்கு உள்ள பிடித்தம் நமக்கு இல்லை. கடை இருப்பதால் ஏதுமற்றவர் என்ற கணக்கிலும் வருவதில்லை. ஆகவே நமக்கான பாதுகாப்பை நாமேதான் தேடிப் பதிந்துகொள்ள வேண்டும். திட்டங்கள் இல்லாமல் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை கடைக்காரர் உயிரோடு இருக்கும்போது, அதுவும் குறிப்பிட்ட வயதுக்குள், பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே பலன் தருபவை. இக்கட்டுரையின் சாரமே இதுதான்.

வணிகர் நல வாரியம்

தமிழ்நாடு வணிகர் நல வாரியம் 1989-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. வணிகவரித் துறையின் கீழ் இயங்குவது. உறுப்பினர் மறைந்தால் குடும்ப நல உதவி, நோய்க்கு மருத்துவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்குக் கல்வி உதவி, கடை தீப்பிடித்தால் நிவாரணம் ஆகியவை இதன் முக்கிய உதவிகள். குடும்ப நல உதவி 3 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2025 மே 5 வணிகர் தினத்தன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் மட்டுமே இதில் சேரலாம் என்று பல சிறு கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. பதிவு தேவைப்படாத சிறு வணிகர்களுக்கும் இடம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்காக 2021-இல் கட்டணமில்லாச் சேர்க்கையே நடத்தப்பட்டது. இப்போதைய கட்டணத்தையும் தேவையான சான்றுகளையும் உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்தில் கேட்டறியலாம். உறுப்பினர் அட்டை கடைக்காரரின் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அப்படி ஓர் அட்டை இருப்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு: நாற்பதுக்குள் ஒரு முடிவு

அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கும் 22 வயது மகனிடம் ஓய்வூதியம் பற்றிப் பேசினால் சிரிப்பான். ஆனால் நுழைவாசல் அவன் வயதில்தான் திறந்திருக்கிறது.

2019 செப்டம்பர் 12 அன்று மத்திய அரசு சிறு வணிகர்களுக்கென்று ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 18 முதல் 40 வயது வரை உள்ள, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மிகாத, வருமான வரி செலுத்தாத வணிகர்களுக்கானது. 18 வயதில் சேருபவர் மாதம் 55 ரூபாய், 30 வயதில் சேருபவர் 105 ரூபாய், 40 வயதில் சேருபவர் 200 ரூபாய் கட்ட வேண்டும். அதே தொகையை அரசும் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். அவர் மறைந்தால் மனைவிக்கோ கணவருக்கோ அதில் பாதி. பொதுச் சேவை மையங்கள் வழியாகச் சேரும் வகையில் இது அமைக்கப்பட்டது.

வங்கிகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள அடல் ஓய்வூதியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. இதற்கும் வயது 18 முதல் 40 வரைதான். 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். 5,000 ரூபாய்க்கு 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் 577 ரூபாய். 40 வயதில் 1,454 ரூபாய். தாமதத்தின் விலை என்ன என்பதை வட்டிக் கணக்கு அறிந்த வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதில் உறுப்பினருக்குப் பின் துணைவருக்கு முழு ஓய்வூதியம் தொடரும். இருவருக்கும் பின் சேர்ந்த தொகை வாரிசுக்குப் போகும். 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துவோர் இதில் புதிதாகச் சேர முடியாது. அவர்கள் என்பிஎஸ் என்னும் தேசிய ஓய்வூதியக் கணக்கைத் தொடங்கலாம்.

நம் கடையில் மூட்டை இறக்கும், பொட்டலம் கட்டும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவதோடு ஒரு வங்கிக் கணக்கும் தொடங்கித் தந்தால் அது அவர்கள் வாழ்நாளுக்கு நிற்கும். அந்தக் கணக்கிலிருந்தே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் (18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும்), 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் (70 வயது வரை) எடுக்கலாம். 2022 ஜூன் முதல் உள்ள கட்டணம் இது. விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டும் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும்.

மூத்தவர்களுக்கு: கடையை எழுதிக்கொடுக்கும் முன்

அறுபதைத் தாண்டிய நம் பெரியவர்களின் சொத்து பெரும்பாலும் இரண்டுதான்: கடை, வீடு. பாசத்தில் இரண்டையும் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு, பிறகு கல்லாவில் நூறு ரூபாய் எடுக்கவும் கூச்சப்படும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பத்திரம் எழுதியிருந்து, பராமரிப்பு மறுக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு வலுவாக இருக்கும். ஆகவே எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கடையை மகனிடம் ஒப்படைக்கும்போது சரக்கு, பாக்கி, முதல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகப் போடலாம். 2023 ஏப்ரல் முதல் இதன் உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

துணையை இழந்தவர்களுக்கு: முதல் மூன்று மாதங்கள்

கடைக்காரர் மறைந்த பிறகு மனைவியோ, பெண் நடத்தும் கடையானால் கணவரோ செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக இவை.

முதலாவது, 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிந்து சான்றிதழ் பெறுவது. பல படிகள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு உரிமம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 31-ஆம் பிரிவுப்படி உரிமதாரர் மறைந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரை குடும்பத்தினர் அந்த உரிமத்திலேயே கடையை நடத்தலாம். நியமன அலுவலர் அனுமதித்தால் மேலும் காலம் கிடைக்கும். ஆகவே பயந்துகொண்டு கடையைப் பூட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குள் தம் பெயருக்கு உரிமம் பெற்றுவிட வேண்டும்.

மூன்றாவது, ஜிஎஸ்டி. பழைய பதிவை ரத்து செய்யவும், கடையைத் தொடர்ந்தால் வாரிசின் பெயரில் புதிய பதிவு எடுக்கவும் வேண்டும். பழைய கணக்கில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் புதிய பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2019 மார்ச் மாதச் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. பலர் இதை அறியாமல் அந்தத் தொகையை இழக்கிறார்கள். கடையைத் தொடர்ந்து நடத்துபவர் பழைய வரி பாக்கிக்கும் பொறுப்பாவார். நிறுத்திவிட்டால் மறைந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு.

நான்காவது, வரவேண்டிய கடன். விற்ற சரக்குக்கான பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகளே கெடு. கெடு முடியும் முன் கடன்பட்டவரிடம் "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கினால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

ஐந்தாவது, கூட்டு வியாபாரம். பங்குதாரர் மறைந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், கூட்டு கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள கூட்டு எப்படியும் முடிந்துவிடும். மறைந்தவரின் பங்கை எப்படிக் கணக்கிட்டு எத்தனை தவணையில் மனைவியிடம் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது நட்புக்கும் நல்லது.

இங்கே ஆயுள் காப்பீடு பற்றி ஒரு முக்கியச் செய்தி. மணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-இன் 6-ஆம் பிரிவின் கீழ் என்று குறிப்பிட்டு, மனைவி மக்கள் பெயரில் எடுக்கும் பாலிசித் தொகை கணவரின் கடன்காரர்களுக்குப் போகாது. கடனில் சரக்கு எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போன்ற சட்டம் அது. பாலிசி எடுக்கும்போதே அதற்குரிய படிவத்தைக் கேட்டு நிரப்ப வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது.

சங்கம் செய்யக்கூடியது

கல்யாண வீட்டில் மொய் நோட்டை எவ்வளவு கவனமாக எழுதி, எத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்துகிறோம்! அந்தக் கவனத்தில் பாதி போதும். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு குடும்பக் கோப்பு வைத்திருக்க வேண்டும்: வாரிய அட்டை, உரிமங்கள், கடை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்குகளும் நியமனதாரர் பெயரும், காப்பீட்டுப் பத்திரங்கள், தர வேண்டியது, வர வேண்டியது. மாதம் ஒருமுறை மனைவியோடு உட்கார்ந்து அதைத் திருத்தி எழுத வேண்டும். நியமனதாரர் என்பவர் வங்கிப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். சொத்துக்கு உரிமையாளராகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு.

சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு நாள் வாரியச் சேர்க்கை முகாம் நடத்தலாம். மறைவு நேர்ந்த வீட்டுக்கு, கணக்குத் தெரிந்த இரண்டு உறுப்பினர்களை மூன்று மாதங்களுக்குத் துணையாக அனுப்பலாம். மூன்றாவதாக, உறுப்பினர் பங்களிப்பு. 400 உறுப்பினர் உள்ள சங்கத்தில் ஆளுக்கு 250 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம் ரூபாய் உடனே அந்த வீட்டுக்குப் போகும். ஆண்டில் நான்கு மறைவு என்றாலும் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்தான். ஆனால் முதியவர்களே உறுப்பினர்களாக இருந்தால் ஆண்டுதோறும் சுமை ஏறும். இளைஞர்கள் சேர்ந்தால்தான் இது நிலைக்கும். சந்தா வாங்கிக்கொண்டு "இறந்தால் இவ்வளவு தருவோம்" என்று உறுதி கூறினால் அது காப்பீட்டுத் தொழில் என்று கருதப்பட்டுச் சிக்கல் வரலாம். ஆடிட்டரைக் கலந்து விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

ரங்கே கவுடர் வீதியிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் உள்ள மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சில்லறைக் கடை மூடப்பட்டால் உங்கள் பாக்கியும் அதோடு முடங்கிவிடும். பழைய பாக்கியைத் தவணையாக்கி, புதிய சரக்கைச் சிறிது சிறிதாகக் கொடுத்து அந்த அம்மா கடையைத் திறந்து வைக்க உதவினால், பாக்கியும் வசூலாகும், வாடிக்கையும் நிற்கும். இது தருமம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும்கூட.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. இந்த இதழை மூடியதும் செய்ய ஒரு வேலை: வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் காட்டுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.